ஆடியில் கசிந்த கோடு

அத்தியாயம் 6

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு சிமெண்ட் லாரியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே அனுசுயாவின் கார் ஊர்ந்தது. முந்துவதற்கு இடமில்லை. எதிரே ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொன்று. முன்கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூசி படிந்திருந்தது.

"இந்த ரோட்டை அகலப்படுத்தணும்னு கவர்மெண்ட் நெனச்சதுல தப்பே இல்ல மேடம்," என்றான் ஸ்டியரிங்கில் இருந்த மகேஷ். "முன்னாடி போற லாரியில எழுதியிருக்கறதை மனப்பாடம் பண்ணிட்டேன். பரீட்சை வச்சா பாஸ்."

"அதுக்கு முன்னாடி கேஸை ஒரு தடவை சொல்லு. அதுல பாஸாகறியான்னு பாப்போம்."

அனுசுயா பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். வருகிற கேஸ்களில் பாதிக்கு மேல், மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதுதான். மகேஷ் அவளுடைய உதவியாளன். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவன் அம்மாவே சொல்வாள்.

"ஓடைக்கருங்குடி ஊருக்கிட்ட இந்த ரோடு கோணல் மாணலா வளையுது," என்று ஆரம்பித்தான் மகேஷ். "நாலுவழி ஆக்கும்போது நேரா கொண்டுபோக மூணு கோடு போட்டாங்க. சிவப்புக் கோடு போனா கீழத்தெரு வூடுங்க காலி. மஞ்சக் கோடு ஏரிக்கரை மேல போவுது. பச்சைக் கோடு தெக்குத் தோப்புக்குள்ள போவுது. மூணுக்கும் முளை அடிச்சு பெயிண்ட் பூசினதால மூணும் ஊருக்கே தெரியும். அதுல எது நெசம்ங்கறது மட்டும் டெண்டர் வர்ற வரைக்கும் ரகசியம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ரெண்டே பேருக்கு. முடிவு பண்ண கோட்டப் பொறியாளர் தர்மராஜ். அவர் சொன்னதை வச்சு கடைசிப் படம் போட்ட வரைதொழில் அலுவலர் சண்முகப்பிரியா. தேர்வானது பச்சைக் கோடு. டெண்டர் வெளிய வர்றதுக்கு முன்னாடியே காண்ட்ராக்டர் இராமலிங்கம் அந்தக் கோட்டை ஒட்டியே ஒரு நெலத்தைக் குத்தகைக்குப் புடிச்சுட்டார். தார் பிளாண்ட் பக்கத்துலயே இருந்தா அவரை மாதிரி கம்மியா ரேட் குடுக்க யாராலயும் முடியாது. மத்த காண்ட்ராக்டருங்க கத்துனாங்க. டெண்டர் ரத்து, சண்முகப்பிரியா சஸ்பெண்ட்."

"அவளை ஏன் சந்தேகப்பட்டாங்க?"

"அந்தப் பொண்ணு கீழத்தெரு பொண்ணு. தெருவும் தப்பிச்சுது, காசும் பாத்துட்டான்னு கதை கட்டிட்டாங்க. திங்கக்கெழமை விசாரணை. அதுல தப்பு உறுதியாச்சுன்னா வேலை போயிடும். நம்ம க்ளையண்ட் தர்மராஜ் சாரு நேத்து வந்து கண்ணு கலங்கி, 'அந்தப் பொண்ணைக் காப்பாத்துங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. ஆபீஸுக்குத் தெரியக் கூடாதாம். பாஸா மேடம்?"

"பாஸ். இடது பக்கம் திரும்பு."

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு துப்பு. இராமலிங்கம் குத்தகைக்குப் பிடித்த நிலம்.

அதன் சொந்தக்காரர் தங்கராசு, கொட்டகையில் மாட்டுக்குத் தட்டை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் அவர் கை வேகம் கூடியது. மாடு தின்பதற்குள் இன்னொரு கட்டு விழுந்தது.

"எல்லாம் பத்திரத்துல இருக்குங்க," என்றார், தலையைத் தூக்காமல். "ஆவணி பொறந்தப்புறம்தான் எழுதுனோம். ஆபீஸ்ல இருந்து வந்தவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

ஆவணி என்பதுதான் சண்முகப்பிரியாவின் கழுத்தில் விழுந்த கயிறு. அவள் கைக்கு அந்த முடிவு வந்ததும் ஆவணி பிறந்த பிறகுதான்.

அனுசுயா அங்கே நிற்கவில்லை. கொட்டகையைத் தாண்டி வரப்பில் நடந்தாள். வலது பக்கத்து நிலத்தில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. இடது பக்கத்திலும் அப்படியே. நடுவில் தங்கராசுவின் நிலம் மட்டும் ஜல்லி கொட்டி மட்டம் தட்டிக் கிடந்தது. அவள் குனிந்து ஜல்லி ஓரத்து மண்ணைக் கிளறினாள். போன வருஷத்துக் காய்ந்த தட்டை வேர் வந்தது. அதற்குமேல் புல்.

"என்ன மேடம், ஒரு நிமிஷத்துல விவசாயி ஆயிட்டீங்க?"

"இங்க எல்லாரும் சோளம் போடறது எப்ப மகேஷ்?"

"ஆடியில. எங்க மாமனார் வருஷா வருஷம் அந்த நேரத்துலதான் என்னைக் கூப்பிடுவார். விருந்துக்குன்னு நெனச்சுப் போவேன், கையில வெதையக் குடுப்பார்."

"பக்கத்து நெலம் ரெண்டுலயும் ஆடியில வெதைச்சிருக்காங்க. இவரு வெதைக்கவே இல்ல. வெதைச்சு அழிச்சிருந்தா இந்த வருஷத்து வேர் இருக்கணும். ஆவணியிலதான் குத்தகை பேச்சு வந்துச்சுன்னா, ஆடியில இவரு எதுக்கு நெலத்தைச் சும்மா போட்டாரு?"

பின்னாலேயே வந்த தங்கராசுவுக்கு இது காதில் விழுந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கொட்டகை வாசலிலிருந்து அவர் மனைவி பச்சையம்மாள் முந்திக்கொண்டாள்.

"கேளுங்கம்மா, நல்லா கேளுங்க. ஆடியில கைநீட்டி அட்வான்ஸ் வாங்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஆடியில யாராச்சும் ஒப்பந்தம் போடுவாங்களா? அந்தக் காண்ட்ராக்டருக்கு ஆவணி வரைக்கும் பொறுக்க முடியல. இப்ப வாங்கிக்க, பத்திரத்தை ஆவணியில எழுதிக்கலாம்னு சொன்னான். இந்த மனுசன் கைய நீட்டிட்டாரு. அன்னையிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. அந்தப் பொண்ணு சண்முகப்பிரியா சின்னப் புள்ளையில எங்க காட்டுல மொளகா பொறுக்க அவ அம்மாகூட வந்தவம்மா."

தங்கராசு முகத்தைத் துண்டால் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை.

"விசாரணையில வந்து இதைச் சொல்லுவீங்களா?" என்றாள் அனுசுயா.

"பத்திரத்துல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னா என்னையும் உள்ள வைப்பாங்கம்மா. மன்னிச்சுக்கங்க."

காருக்குத் திரும்பும்போது மகேஷ் துள்ளிக் குதிக்காத குறை. ஆடியிலேயே ரகசியம் வெளியே போயிருக்கிறது. சண்முகப்பிரியாவுக்கே அப்போது தெரியாது. அப்படியென்றால் அவள் விற்றிருக்க முடியாது. அனுசுயா உடனே தர்மராஜுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "ரொம்ப நல்லதுங்க மேடம். இது போதும். இதோட நிறுத்திக்கலாம்."

"தங்கராசு சாட்சி சொல்ல வரமாட்டேங்கறார் சார். ஆடியில யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சாத்தான் விசாரணையில நிக்கும்."

"இல்ல... நான் பாத்துக்கறேன். நீங்க அலைய வேணாம்."

போன் துண்டிக்கப்பட்டது. நல்ல செய்தி கேட்டவர் குரல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இல்லை அது. அனுசுயா போனைப் பைக்குள் போட்டுவிட்டு மகேஷிடம் சொன்னாள். "இராமலிங்கம் பிளாண்டுக்கு விடு."

காண்ட்ராக்டர் இராமலிங்கத்தின் பழைய தார் பிளாண்ட் ஆலத்தியூர் போகும் வழியில் இருந்தது. மனிதர் நாற்காலியில் சாய்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். பயந்த மாதிரியே தெரியவில்லை. இவர்களுக்கும் இரண்டு சுளை எடுத்து வைத்தார்.

"ஆடியில அட்வான்ஸ் குடுத்தீங்க," என்றாள் அனுசுயா, உட்காராமலே.

"குடுத்தேன். மறுக்கலியே. தேதி மாத்துனது ஆடிக்குப் பயந்துதான், சட்டத்துக்குப் பயந்து இல்ல. எங்க வூட்டுல ஆடியில கையெழுத்துப் போட வுட மாட்டாங்க."

"பச்சைக் கோடுதான்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. கருப்பு சொல்லுச்சு."

மகேஷ் சுளையை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "எந்த கருப்பு சார்? போன் நம்பர் இருக்கா?"

இராமலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நக்கலு. வேம்படிக் கருப்பு தம்பி. ஓடைக்கருங்குடி தெக்குத் தோப்புல இருக்கற சாமி. ஆடி வெள்ளிக்கெழமை சாயங்காலம் நான் அந்த வழியா வரேன். பூசாரி அமாவாசை தலையில புதுச் சட்டி. முன்னாடி ஒத்தைப் பம்பை. பின்னாடி கருப்போட அருவாளைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரு. சட்டியில என்னன்னு எட்டிப் பாத்தேன். பிடிமண்ணு. கோயில்ல இருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னா என்ன அர்த்தம்? சாமி வூட்டைக் காலி பண்ணுது. பல தலைமொறையா ஒரே வேம்படியில உக்காந்திருக்கற சாமி எதுக்கும்மா திடீர்னு காலி பண்ணணும்? மூணு கோட்டுல ஒரே ஒரு கோடுதான் கருப்பு தலை மேல போவுது. நான் வண்டிய நேரா தங்கராசு வூட்டுக்கு விட்டேன்."

அனுசுயாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு அரசாங்கமே பூட்டி வைத்த ரகசியத்தை ஒரு மண்சட்டியைப் பார்த்துப் படித்துவிட்டு, இந்த ஆள் பலாச்சுளை தின்கிறார்.

"இதை விசாரணையில சொல்லியிருந்தா ஒரு பொண்ணு வேலை தப்பிச்சிருக்குமே."

சிரிப்பு நின்றது. இராமலிங்கம் விரலில் ஒட்டிய பிசினைத் துடைப்பதில் மும்முரமானார். "கூப்புட்டுக் கேட்டாங்க. யார்கிட்ட காசு குடுத்தேன்னுதான் கேட்டாங்க. குடுக்கலன்னு சொன்னேன். அதுக்கு மேல சொன்னா டெண்டர்ல என்னைச் சேக்க மாட்டாங்கன்னு வக்கீல் சொன்னாரு." கொஞ்சம் தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார். "கருப்புக்கு ஒரு வெங்கல மணி வாங்கிக் குடுத்துட்டேன். எனக்கும் உறுத்தாம இல்ல."

"மணி அடிச்சா அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் வருமா சார்?" என்றான் மகேஷ். சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

தோப்பில் வேம்படி வெறிச்சென்று கிடந்தது. சாமி இருந்த மேடை கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது, ஆனால் விளக்குமாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்து தூசி ஏறியிருந்தது. பச்சை பெயிண்ட் அடித்த முளை மேடைக்குப் பக்கத்திலேயே நின்றது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பொட்டலில் புதிதாக ஒரு மண்மேடு. அதன்மேல் அருவாளும் எலுமிச்சம்பழமும். தென்னங்கீற்றுப் பந்தலில் பளபளவென்று ஒரு வெங்கல மணி தொங்கியது. பூசாரி அமாவாசை மேட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்கு இங்க நெழலே இல்லியேங்க," என்று பேச்சைத் தொடங்கினாள் அனுசுயா.

அது பட வேண்டிய இடத்தில் பட்டது. "அதான் எனக்கும் தாங்கல," என்றார் அமாவாசை. "வெயில்ல உக்கார வச்சுட்டேன். அவசரப்பட்டுட்டேனோன்னு தெனம் நெனச்சுக்கறேன். ஆனா என்ன செய்யறது? சாமியே உத்தரவு குடுத்துட்டுது. உத்தரவு வாங்கின பெறகு அந்த ஆடி முடியறதுக்குள்ள எடுத்து வச்சுடணும். அது எங்க வழக்கம்."

"உத்தரவு கேட்டது யாரு?"

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "அது சொல்ல மாட்டேன். சாமி முன்னாடி ஒரு ஆள் சொன்னதை நான் வெளிய சொன்னா நாளைக்கு யாரும் இங்க வந்து வாய் திறக்க மாட்டாங்க."

"பேர் வேணாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அமாவாசை யோசித்தார். பிறகு, சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தவர் போலச் சொல்லத் தொடங்கினார்.

"ஆடியில குடிபாட்டு மக்கள் வருவாங்க. இது அவங்க குலசாமி. எங்கெங்கயோ இருந்து வந்து பொங்க வச்சுட்டுப் போவாங்க. எல்லாரும் போனப்புறம் ஒருத்தர் மட்டும் நின்னாரு. பூ கேக்கணும்னாரு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னாடி போட்டேன். வெள்ளை வந்தா சம்மதம். ஆனா என்ன காரியம்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் எடுக்கணும். மனசுக்குள்ள கேட்டா கருப்பு பதில் சொல்லாது. அவரு ரொம்பத் தயங்குனாரு. அப்புறம் சொன்னாரு. 'உன் தலை மேல ரோடு போட்டுட்டேன்டா அப்பா, வேற வழி தெரியல, என்னை மன்னிச்சுடு'ன்னு அழுதுட்டாரு. வெள்ளைப் பூதான் வந்துச்சு. ரோடு வர்றப்ப எடுத்து வச்சுக்கலாம்னு அவரு நெனச்சிருப்பாரு போல. எங்க வழக்கம் அவருக்குத் தெரியல. டவுன்லயே வளந்தவரு."

மகேஷ் எதையோ சொல்ல வாயெடுத்தான். அனுசுயா கையைக் காட்டி நிறுத்தினாள்.

காரில் ஏறியதும் அவன் அடக்க முடியாமல் கேட்டான். "அப்ப அந்தக் குடிபாட்டு மக்கள்ல ஆபீஸ்ல வேலை செய்யறவங்க யாருன்னு தேடணுமா மேடம்?"

"தேட வேணாம். அந்த ஆளு என்ன சொன்னாரு? 'ரோடு போடப் போறாங்க'ன்னா?"

"இல்ல. 'ரோடு போட்டுட்டேன்'னாரு."

"அடுத்தவன் எடுத்த முடிவுக்கு யாரும் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க மகேஷ். கோடு எங்க போவணும்னு முடிவு பண்ணது ஒரே ஆளு. இன்னொண்ணு, நம்மகிட்ட வர்ற க்ளையண்ட் எல்லாம் முதல்ல என்ன கேப்பாங்க?"

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிங்கம்பாங்க."

"நேத்து வந்தவரு ஒரு தடவைகூட யாருன்னு கேக்கல. காப்பாத்துங்கன்னு மட்டும்தான் சொன்னாரு. காலையில போன்ல நிறுத்திக்கலாம்னாரு."

மகேஷ் சாவியைத் திருக மறந்து உட்கார்ந்திருந்தான். "ஃபீஸ் குடுத்து ஆள் வச்சு தன்னையே தேடச் சொன்னாரா? இதுக்கு என்ன ஜோக் சொல்றதுன்னே தெரியல மேடம்."

"சொல்லாத. கீழத்தெருவுக்குப் போ. முதல்ல அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்."

கீழத்தெரு ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் தெரு. இப்போது வாசலுக்கு வாசல் வேறு வேறு தொழில். ஒரு வீட்டில் டிராக்டர் மெக்கானிக், ஒரு வீட்டில் நர்ஸ், ஒரு வீட்டில் தையல் கடை. சண்முகப்பிரியாதான் அந்தத் தெருவில் அரசாங்க ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண். அவள் வீடு எது என்று மகேஷ் கேட்டபோது தையல் கடைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் காட்டினாள்.

"அவ வித்ததாலதான் பச்சைக் கோட்டை ரத்து பண்றாங்களாம். செவப்புக் கோடு எங்க வூட்டு மேல திரும்பி வருதாம். நல்லா செஞ்சா எங்களுக்கு," என்றாள்.

அந்த வீட்டு வாசலில் ஒரு அரசாங்க ஜீப் நின்றது.

உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் தர்மராஜ் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்த, கைசுத்தமானவர் என்று மாவட்டமே சொல்கிற மனிதர். சண்முகப்பிரியாவின் அம்மா இருசம்மாள் அவர் கையில் டீ டம்ளரைத் திணித்துக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியா சுவரோரம் நின்றிருந்தாள். ஒல்லியான பெண். சஸ்பெண்ட் ஆன பிறகும் ஆபீஸுக்குக் கிளம்புகிற மாதிரியே தலைசீவிப் பின் குத்தியிருந்தாள்.

"வாங்கம்மா," என்றாள் இருசம்மாள், அனுசுயா தான் யாரென்று சொன்னதும். "சார் இப்பதான் சொன்னாரு. ஆடியிலயே வெளிய போயிடுச்சாமே, எம்மவ இல்லன்னு தெரிஞ்சு போச்சாமே. இந்தத் தெருவே எங்க வூட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குது. சார் ஒருத்தர்தான் நம்புனாரு. உங்களை அனுப்புனதும் சாருதானாமே. எங்களுக்குக் குலசாமி மாதிரிங்க அவரு."

தர்மராஜ் டம்ளரை உதட்டருகே கொண்டுபோகாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அனுசுயா சத்தம் போடவில்லை. போட மனசு வரவில்லை. "அமாவாசை பூசாரியைப் பாத்துட்டு வரோம் சார்," என்று மட்டும் சொன்னாள். "அவரு பேர் சொல்லல. சொல்லவும் மாட்டார்."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நான் யாருக்கும் விக்கல," என்றார். "சிவப்புக் கோடு போட்டா இந்தத் தெரு போயிடும். ஏரி போனா ஊருக்கே தண்ணி போயிடும். மிச்சம் இருந்தது எங்க குலசாமி. எடுத்து வைக்கக் கூடியது அது ஒண்ணுதான்னு பச்சைக் கோட்டை டிக் பண்ணேன். அன்னையிலேருந்து சோறு எறங்கல. ஆபீஸ்ல ஒரு ஈ காக்கைகிட்டகூட வாய் திறக்கல. சாமிகிட்ட மட்டும்தான் சொன்னேன். சாமிகிட்ட சொல்றது வெளிய சொல்றதாகுமான்னு எனக்குத் தோணவே இல்லம்மா. பக்கத்துல பூசாரி நிக்கறதே எனக்குக் கண்ணுல படல."

"அதுவரைக்கும் தப்புன்னு நானும் சொல்ல மாட்டேன் சார்," என்றாள் அனுசுயா. "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்தான் தப்பு. ஆவணித் தேதி பத்திரம் வந்ததும் எல்லாரும் இந்தப் பொண்ணைக் கை காட்டுனாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பென்ஷன் போயிடும், பேர் போயிடும்னு சும்மா இருந்துட்டேன். நானா போய்ச் சொல்ல தைரியம் இல்ல. யாராவது கண்டுபிடிச்சு என் கழுத்தைப் பிடிச்சுடட்டும்னுதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க கிட்ட வந்ததும் அதுக்கும் பயந்துட்டேன்."

மகேஷ் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருசம்மாள் மட்டும் எதுவும் விளங்காதவள் போல மகள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தர்மராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து சண்முகப்பிரியாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "உனக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு..."

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் அவள்.

அனுசுயாகூட இதை எதிர்பார்க்கவில்லை.

"தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தானே சார். நான் இல்லன்னு எனக்குத் தெரியும். அப்ப மிச்சம் யாருன்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "எப்படிப் போச்சுன்னுதான் தெரியல. காசுக்குச் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு மட்டும் தெரியும்."

"அப்புறம் ஏம்மா விசாரணையில சொல்லல?"

"எங்க தெருவை விட்டு வச்சவர் நீங்க. அந்தப் படத்தை நான்தானே சார் போட்டேன். சிவப்புக் கோட்டுல எங்கம்மா சமையக்கட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்களைக் காட்டிக் குடுக்க எனக்குக் கை வரல. நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். போன் அடிக்கும்போதெல்லாம் நீங்கதான்னு நெனச்சு ஓடிப்போய் எடுத்தேன் சார்."

தர்மராஜ் முகத்தை மூடிக்கொண்டார். துப்பறிவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது. தாங்கள் அலைந்து கண்டுபிடித்ததை இந்தப் பெண் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூட வாங்காத தெருவில் நடந்திருக்கிறாள். அனுசுயாவுக்குத் தன் தொழில் மேலேயே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"திங்கக்கெழமை விசாரணையில நானே சொல்லிடறேன்," என்றார் அவர், கையை எடுத்துவிட்டு. "எழுத்துலயே குடுத்துடறேன். நீ வேலைக்குத் திரும்பிடுவ. பச்சைக் கோட்டையும் விட மாட்டேன். அதை நான் உறுதியா சொல்றேன்."

"திங்கக்கெழமை அங்க சொல்லுங்க சார். சொல்லித்தான் ஆகணும்." சண்முகப்பிரியா வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். ஜீப்பைப் பார்த்து வந்த தெருக்காரர்கள் நாலைந்து பேர் எதிர் வாசலில் நின்றிருந்தார்கள். தையல் கடைப் பெண்ணும் இருந்தாள். "ஆபீஸ்ல நான் என் சீட்டுல உக்காந்துடுவேன். எங்கம்மா இந்தத் தெருவுலதான் இருக்கணும். இங்க இப்ப சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு இருசம்மாளைப் பார்த்தார். அவள் கீழே குனிந்து, அவர் குடிக்காத டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தர்மராஜ் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார். தெருவில் நின்றவர்கள் பெரிய ஆபீசர் வருகிறார் என்று வழிவிட்டு ஒதுங்கினார்கள், ஒருவர் வணக்கம்கூட வைத்தார்.

"வணக்கம் வைக்காதீங்க," என்றார் அவர். "நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் வைக்கலாமான்னு பாருங்க."